எதிர்வீட்டு வாசலில் நிற்கட்டும் பேருந்து

வளர்ச்சியை எதிர்ப்பவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் நேர்மையானவர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள், கதை முடிந்தது. நான் சொல்ல வந்தது வேறோர் இனம். வளர்ச்சியை மனதார ஆதரிக்கும் இனம். ஊருக்கு ரயில் வேண்டும், பேருந்து வேண்டும், வீடில்லாதவர்களுக்கு வீடு வேண்டும், இதெல்லாம் நேற்றே வந்திருக்க வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு "ஆனா..." என்று தொடங்குமே, அந்த இனம்.

அந்த 'ஆனா'வுக்கு முன்னால் வருவதெல்லாம் ஊருக்கு. பின்னால் வருவது தன் வீட்டுக்கு.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர். ஒரு நகரம் எப்படி வளர வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவர். அவருடைய மாணவர்களில் பாதிப்பேர் இன்று நகரத் திட்ட அலுவலகங்களில் இருக்கிறார்கள். மீதிப்பேர் அந்த அலுவலகங்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா அவருக்கு 'ஆனா சார்' என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அதோடு வழக்கொழிந்துவிட்டது.

ஆனா சார் காரில் போகும்போது பார்க்க வேண்டும். சிக்னலில் நின்றபடி சுற்றிலும் பார்த்து, "ஒவ்வொரு கார்லயும் ஒரே ஒரு ஆள்! இந்த ஊர் உருப்படுமா?" என்று பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் பையைப் பார்த்துக் கேட்பார். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருநாள் நான் உடன் போயிருக்கிறேன், அதனால் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்தபோது கைபேசி நிறையப் படங்கள் கொண்டுவந்தார். அத்தனையும் பேருந்துகள். பக்கவாட்டில், முன்புறத்தில், கதவு திறந்த நிலையில். "ஏறுறவங்களுக்கு வசதியா வண்டி எப்படிச் சாயுது பாருங்க! மனுஷனுக்கு மரியாதை!" என்றார்.

"பையன் எங்க சார்?" என்றேன்.

"படம் எடுத்ததே அவன்தானே."

இப்படிப்பட்டவர் குடியிருக்கும் தெருவுக்குப் பேருந்து வரப் போகிறது என்ற செய்தி வந்தால் எப்படி இருக்கும்?

எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோடுக்குப் போக வேண்டுமென்றால், மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரியின் மதிலை ஒட்டி நடக்க வேண்டும். விளக்குக் கிடையாது. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் தினமும் நடப்பவர்களில் ஆனா சாரின் மனைவியும் ஒருவர். பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். வார்டில் அவர் குரல் கேட்டால் டாக்டர்களே கையைக் கழுவிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். தெருவில் அவர் குரலை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. வீட்டில் பேசுவதற்குத்தான் ஒருவர் இருக்கிறாரே.

நகரத் திட்ட அலுவலகம் போட்ட திட்டம் எளிமையானது. பேருந்து எங்கள் தெரு வழியாகத் திரும்பிப் போகும்; ஐஸ் ஃபேக்டரி நிலத்தில் ஆறு மாடிக் குடியிருப்பு வரும். விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டிய அன்று ஆனா சார் அதைச் சத்தமாக வாசித்தார், எங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதுபோல. "இதைத்தானே நான் இத்தனை வருஷமா கத்திட்டிருந்தேன்!" என்று என் தோளைத் தட்டினார். வலித்தது. அன்று 'ஆனா' வரவில்லை. தையல்கார அம்மா பயந்துபோய், "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்தார்.

மறுவாரம் இரண்டு பணியாளர்கள் வந்து, நிறுத்தம் அமையும் இடத்தைத் தரையில் மஞ்சள் வண்ணத்தால் குறித்துவிட்டுப் போனார்கள். சார் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே.

உடம்பு சரியாகிவிட்டது.

முதலில் அவர் வீட்டு மதிற்சுவர். பேருந்து போனால் அதிர்ந்து விரிசல் விடுமாம். விரிசல் ஏற்கெனவே இருக்கிறதே என்றேன், அதிகமாகுமே என்றார். அடுத்தது, முன்பின் தெரியாதவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அப்புறம் மரம். அவர் வீட்டுக்கு முன்னால் நிற்கும் வேப்பமரம் சருகு கொட்டிச் சாக்கடையை அடைக்கிறது, வெட்டித் தள்ளுங்கள் என்று போன வருடம் மனு கொடுத்தவரே அவர்தான். இப்போது அதே மரத்தைக் கையால் தடவி, "இதுக்கும் உயிர் இருக்குங்க" என்றார். மரம் நம்பியதா தெரியவில்லை.

சார் வீட்டு முன்னறையில் 'தெரு நலன் காக்கும் குழு' பிறந்தது. தலைவர் அவர். செயலாளர் பல் டாக்டர். நான் உறுப்பினர், நாற்காலி எடுத்துப் போடுவது என் பொறுப்பு. பேருந்தை நிறுத்தக் கிளம்பிய குழு, போகிற போக்கில் ஆறு மாடியையும் சேர்த்துக்கொண்டது. காற்று அடைத்துவிடும், தண்ணீர் போதாது, எங்கிருந்தோ யார் யாரோ வந்து குடியேறுவார்கள். "வீடு கட்டணும்யா, நான் வேணாங்கல. ஆனா இங்கதான் கட்டணுமா?" என்று சார் கேட்டபோது குழு கைதட்டியது. உள்ளே அவர் மனைவி சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கைதட்டல் ஓயும்வரை இஸ்திரிப் பெட்டி அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். சட்டை தீய்ந்த வாசனைகூட லேசாக வந்தது.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். பலகையில் தெருவின் வரைபடம். நிறுத்தம் இருக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு காந்தப் பொத்தான்.

ஆனா சார் எழுந்தார். நகரங்களின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். பேருந்தின் பெருமையை அவர் பேசப் பேச, அந்த அதிகாரிப் பெண் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு மகிழ்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், வேலைக்குப் புதிது. பிறகு 'ஆனா' வந்தது; மதில், மரம், அந்நியர்கள் எல்லாம் வரிசையாக வந்தார்கள்.

"சரிங்க சார். அப்ப நிறுத்தத்தை எங்க வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

"கொஞ்சம் தள்ளி."

"தள்ளின்னா?"

"பல் டாக்டர் வீட்டுப் பக்கம் இடம் அகலமா இருக்கு."

செயலாளர் தலைவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் குழு அங்கேயே கலைந்துவிட்டது. "நான் பஸ்ஸுக்கு எதிரி இல்லைங்க" என்று எழுந்தார் டாக்டர். "ஆனா என்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வெளியில திடீர்னு ஹாரன் அடிச்சா என் கை ஆடும். ஆடுற கையில என்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க." கூட்டம் முழுக்கக் கன்னத்தைத் தடவிக்கொண்டது. பொத்தான் நகர்ந்தது.

"என் கடைக்கு முன்னாடி நின்னா ஆள் வரும், நல்லதுதான்" என்றார் தையல்கார அம்மா. "ஆனா தைக்கவா வருவாங்க? வெயிலுக்கு ஒதுங்கி நின்னு என் கண்ணாடியில தலையைச் சீவிட்டுப் போவாங்க." பொத்தான் மறுபடி நகர்ந்தது. பாட்டு டீச்சர், சுருதி போய்விடும் என்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர் மட்டும், "பஸ் வந்துட்டா எவன்யா கார் ஓட்டக் கத்துக்குவான்?" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். சுயநலக்காரன் என்று எல்லோரும் சேர்ந்து அவரை உட்காரவைத்தார்கள்.

பொத்தான் தெரு முழுவதும் பயணம் செய்து வரைபடத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

"இதுக்கு மேல தள்ளினா கால்வாய்தாங்க. ஜனங்க நீந்தி வந்துதான் ஏறணும்" என்றார் அந்தப் பெண். யாரும் சிரிக்கவில்லை, சிலர் யோசித்தார்கள். அவர் பொத்தானைப் பலகையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்க ஒத்துக்கலைன்னா வேற பகுதிக்குக் கொடுத்துடுவோம். பஸ் வராத இடத்துல புதுக் குடியிருப்புக்கும் அனுமதி கிடையாது. ரெண்டுமே போயிடும். பரவாயில்லையா?"

ஆனா சாரின் முகத்தில் நிம்மதி பரவியது.

"எங்க வீட்டு வாசல்லயே வைங்கம்மா."

கதவுப் பக்கமிருந்து வந்தது சாரின் மனைவியின் குரல். வேலை முடிந்து நேராக அங்கே வந்திருக்கிறார். வெள்ளைச் சீருடை, தோளில் பை, சேறு படிந்த பாதம்.

சார் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "டியூட்டி முடிச்ச களைப்புல பேசறாங்க."

"ஆமாங்க, களைப்புலதான் பேசறேன். அந்த ஐஸ் ஃபேக்டரி மதிலை ஒட்டி நடந்து வந்தா களைப்பாத்தான் இருக்கும்."

"கார் எடுத்துட்டுப் போன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"கார் எங்கங்க வீட்ல இருக்கு? நீங்க மனு கொடுக்க எடுத்துட்டுப் போயிடறீங்களே."

கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நம்ம பொண்ணு ஏன் மாசத்துக்கு ஒரு தடவைகூட வர்றதில்லைன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

"தூரமா இருக்கா. கைக்குழந்தையைத் தூக்கிட்டு எப்படி வருவா?"

"அதான். கிட்ட வரணும்னுதான் அவளும் மாப்பிள்ளையும் அந்தக் குடியிருப்புல வீடு கேட்டுப் பதிவு பண்ணியிருக்காங்க. எங்கிருந்தோ யார் யாரோ வருவாங்கன்னு சொன்னீங்களே... அது அவதாங்க."

"ஆனா..." என்றார் சார்.

கூட்டம் காத்திருந்தது. அதிகாரி காத்திருந்தார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. என் காலத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. மனிதர் அந்தக் குட்டிப் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து, தன் மனைவியின் சேறு படிந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவியின் பையை அவர் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று தூக்க நாற்காலி இல்லாததால் நான் வெறுங்கையோடு பின்னால் வந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார்.

"சொல்லியிருந்தா அவ மேலயும் ஒரு மனு போட்டிருப்பீங்க."

"சேச்சே" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, தணிந்த குரலில், "அவளுக்கு என்னைப் பார்த்தா பயமா?" என்றார்.

"பயமில்ல. அலுப்பு" என்றார் அந்த அம்மா.

சார் வீட்டு வாசலுக்கே பேருந்து வந்தது. முதல் சில நாள் சார் முன்பக்க ஜன்னலைத் திறக்கவில்லை. திரைச்சீலை மட்டும் அவ்வப்போது ஆடும். ஒருநாள் பேருந்திலிருந்து அவர் மகள் குழந்தையோடு நேரே கேட்டுக்கு முன்னால் இறங்கினாள். மனிதர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "தாத்தா வீடு ரொம்பக் கிட்ட வந்திடுச்சுடா" என்று மகள் குழந்தையிடம் சொன்னாள். அவர் பேத்தியை வாங்கிக்கொண்டு, பேருந்துக்கு முன்னாலேயே நின்றார். ஓட்டுநர் ஹாரன் அடித்து நகரச் சொல்ல வேண்டியிருந்தது. சார் வீட்டு மதிலில் புதிதாக விரிசல் எதுவும் விழவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது, இடம்தான் மாறும். இப்போது சார் கைக்கடிகாரத்தோடு நிறுத்தத்தில் நிற்கிறார். வண்டி கொஞ்சம் தாமதமானால் ஓட்டுநரைப் பிடித்து, "நான் போராடி வாங்கின நிறுத்தம்யா இது!" என்று அதட்டுகிறார். ஆறு மாடியும் எழும்பிவிட்டது. நான்காம் மாடியில் மகள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, காற்று பிரமாதம் என்கிறார். அதற்குப் பின்னால் இன்னொரு குடியிருப்பு வரப் போவதாகப் பேச்சு வந்ததும், பேத்தி விளையாடுகிற வெயிலை அது மறைத்துவிடும் என்று ஒரு மனு தயாரித்திருக்கிறார். அனுப்பவில்லை. இப்போதெல்லாம் எந்த மனுவும் முதலில் அவர் மனைவியின் பார்வைக்குப் போக வேண்டும். பெரும்பாலானவை அங்கேயே உயிரை விடுகின்றன.

இதுவரை படித்துவிட்டீர்கள். உங்கள் தெருவில் யாரோ ஒருவரின் முகம் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பிவைத்தால் என்ன என்று கைபேசியை எடுத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அவரிடமிருந்து இதே கட்டுரை உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.