ஒன்பது பேர் நின்ற குளியலறை

டோம்பிவலி கிழக்கு,
தசரா கழிந்த நான்காம் நாள்.

சிப்ளூணில் சகல சௌபாக்கியங்களுடனும் விளங்கும் மூத்த சகோதரி சிந்துதாயி அவர்களின் திருவடிகளில், தம்பி கஜானன் திப்னிஸ் சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொள்வது. (இப்போதெல்லாம் எழுந்திருக்கக் குந்தா கைகொடுக்க வேண்டியிருக்கிறது, ஆகவே விழுந்ததை மட்டும் கவனத்தில் கொள்ளவும்.) இங்கே நானும் என் மனைவி குந்தாவும் மகள் மிருண்மயியும் நலம். அங்கே அத்தானின் முழங்கால், எருமை, கொல்லைப் பலாமரம் மூன்றும் நலமாக இருக்கக் கணபதி அருள்வாராக.

போன தீபாவளியன்று விடியற்காலையில், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எங்கள் பாத்ரூமுக்குள் தாங்கள் எழுந்தருளியதும், உடம்பைத் திருப்ப முயன்றபோது முழங்கை குழாயிலும் இடுப்பு வாஷ்பேசினிலும் மாட்டிக்கொண்டதும், ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் சீயக்காய் என்று நினைத்துத் தலையில் தேய்த்தது குந்தா பாத்திரம் விளக்க வைத்திருந்த பவுடர் என்று பிற்பாடு தெரிந்ததும் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "டேய் கஜா, இது பாத்ரூம் இல்லடா, நிக்க வச்ச பெட்டி! இனிமே இதுக்குள்ள நான் கால வச்சா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, ஈரத்தலையோடு ரயில் ஏறினீர்கள். அக்கா தம்பிக்கு ஆரத்தி எடுக்கிற பாவுபீஜுக்குக்கூட நிற்கவில்லை. அறுபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக உன் கையால் ஆரத்தி இல்லாமல், வெறும் நெற்றியோடு அந்த நாளைக் கழித்தேன் அக்கா. குந்தா பண்ணிய கரஞ்சிப் பலகாரம் அப்படியே டப்பாவில் கிடந்தது. (தாங்கள் என்று ஆரம்பித்தது எப்போதோ நழுவிவிட்டது. நீ என்றே எழுதுகிறேன்.)

இதைப் பார்த்த மிருண்மயி, அவள்தான் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறாளே, "அப்பா, சுவரைத் தள்ள முடியாது. கண்ணைத்தான் ஏமாத்தணும்" என்றாள். நான் முப்பத்தைந்து வருஷம் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவன், கண்ணை ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதுதான் என் வேலை. ஆனால் பெற்ற பெண் சொல்லும்போது என்ன செய்வது? சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ். கதவுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. பிளாஸ்டிக் திரைக்குப் பதிலாகக் கண்ணாடித் தடுப்பு. கம்மோடு தரையில் நிற்காது, சுவரிலிருந்து தொங்கும். "தரை எவ்வளவு தெரியுதோ, ரூம் அவ்வளவு பெரிசாத் தெரியும்பா." நான் கேட்டேன், "தொங்கறது விழுந்தா?" கொத்தனார் ராம்லகன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க உட்கார்ந்தா அதுக்கு யாரோ உட்கார்ந்த மாதிரியே தெரியாது, பாபுஜி" என்றான். என் எடையைப் பற்றி வெளியாள்கூடப் பேசும்படி ஆகிவிட்டது.

வேலை நடந்த பதினோரு நாளும் குளிக்க எங்கே போவது? எதிர்வீட்டுப் பாடக்கோடு நமக்குப் பேச்சுவார்த்தை நின்று எட்டு வருஷம் ஆகிறது, தண்ணித்தொட்டி விவகாரத்திலிருந்து. நான் மானஸ்தன், குளிக்காமலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் குந்தா என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டு, நேரே போய் அவர் கதவைத் தட்டினாள். பாடக் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியில் வெந்நீர் பிடித்துவைத்துவிட்டு விலகி நின்றார். ஐந்தாம் நாள் சோப்பும் வைத்திருந்தார். ஏழாம் நாள் கதவுக்கு வெளியிலிருந்து, "தண்ணி சூடு போதுமா?" என்று கேட்டார். நான் "போதும்" என்றேன். எட்டு வருஷ விரோதம் அந்த ஒரு சொல்லில் சாக்கடைக்குழாய் வழியாக ஓடிப்போய்விட்டது அக்கா.

பாத்ரூம் முடிந்ததும் முதல் அழைப்பு அவருக்குத்தான். வந்தார், கதவைத் திறந்தார், "ஐயோ, மன்னிக்கணும்" என்று படாரென்று மூடிவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். டீ குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். கடைசியில் என் காதோரம் குனிந்து, "உள்ள இருக்கறது உங்க சம்சாரம் வழிச் சொந்தமா? எங்கயோ பார்த்த முகம். ஆனா ரொம்ப முறைக்கிறான்" என்றார். நான் சிரித்தேன். ஆனால் நானே அன்று சாயங்காலம் அந்தக் கண்ணாடி ஆசாமியிடம், "சீக்கிரம் வாங்க, அவசரம்" என்று சொல்லிவிட்டு வெளியே காத்திருந்ததை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். தடுப்பில் மூக்கை இடித்துக்கொண்டது தனி. வெள்ளைத் தரையில் விழுந்த வெள்ளை சோப்பைத் தேடியது அதற்கும் தனி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலில் இத்தனை வருஷமாக ஒட்டியிருந்த பழைய பேப்பரை மிருண்மயி சுரண்டிவிட்டாள். காலையில் வெயில் உள்ளே வந்து டைல்ஸ் எல்லாம் பால் மாதிரி ஆகிவிடுகிறது. முந்தாநாள் குந்தா உள்ளே குளிக்கிறாள், ஒரு பாட்டு கேட்கிறது. ரேடியோவாக்கும் என்று நான் எழுந்து தேடினேன். குந்தா! கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. வெளியே வந்தவளைக் கேட்டால், "அந்த இருட்டுல யாருக்குப் பாட்டு வரும்?" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடமே பார்க்க வந்துவிட்டது. சங்கச் செயலாளர் தேவ்தர், "எத்தனை பேர் நிக்கலாம்?" என்று கேட்க, மிருண்மயி மார்தட்டி, "வாங்க, நின்னு பாருங்க" என்றாள். ஒன்பது பேர் உள்ளே போனோம், என்னையும் பாடக்கையும் மிருண்மயியையும் சேர்த்து. கண்ணாடியில் பதினெட்டுப் பேராகத் தெரிந்தோம், ஒரே கைதட்டல். யாரோ கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் உறைத்தது: கதவு உள்பக்கமாகத் திறக்கும், ஒருத்தரும் ஓர் அங்குலம் நகர முடியாது. "தள்ளாதீங்க!" "நான் எங்க தள்றேன், மூச்சு விடறேன்!" வெளியிலிருந்து குந்தா, "என்ன, இப்பவும் பெரிசாத்தான் இருக்கா?" என்கிறாள். இந்த அழகில் தேவ்தரின் முழங்கை ஷவரைத் திருப்பிவிட்டது. ஒன்பது பேருக்கும் ஒரே சமயத்தில் ஸ்நானம்!

கதவுக்கு இடம் விட யாராவது மேலே ஏற வேண்டும். மேலே என்றால் அந்தத் தொங்கும் கம்மோடுதான். எடை குறைந்தவன் நான். மிருண்மயியின் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. அவள் கட்டிய முதல் பாத்ரூம் இது. உடைந்தால் ஊர் பார்க்க உடையும். "ஏறுங்க திப்னிஸ், நான் பிடிச்சுக்கறேன்" என்று பாடக் என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். கணபதியை நினைத்து ஏறினேன். ஆடவில்லை, அக்கா! அசையவே இல்லை! கதவு திறந்தது. சொட்டச் சொட்ட ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், ஒருத்தருக்கும் கோபமில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. குந்தா துண்டும் சுடச்சுட அவல் போஹாவும் கொடுத்து மாளவில்லை. மூன்று வீட்டுக்காரர்கள் மிருண்மயியிடம், "எங்களுக்கும் பண்ணிக் கொடும்மா" என்று கேட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆகவே, ஒன்பது பேர் நின்ற இடத்தில் நீ ஒருத்தி தாராளமாகத் திரும்பலாம். தீபாவளிக்கு அவசியம் வா. எண்ணெய் காய்ச்சி வைக்கிறேன். பாவுபீஜுக்கு என் நெற்றி காத்திருக்கிறது. அத்தானுக்கு என் நமஸ்காரம், எருமைக்கு ஒரு தடவல், உனக்கு மறுபடியும் அதே சாஷ்டாங்கம்.

உன் அடங்கிய தம்பி,
கஜா.

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் வந்தது. பாத்ரூம் பெருமையைக் குந்தா புனேயில் தன் தம்பிக்குச் சொல்ல, அவன் நாசிக்கில் சொல்ல, தீபாவளிக்கு அங்கிருந்து பதினான்கு பேர் வந்து இங்கேதான் எண்ணெய் ஸ்நானம் செய்வதாக முடிவாகிவிட்டதாம். ஆகவே தயவுசெய்து நீ வராதே. வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் மூவரும் சிப்ளூணுக்கு வருகிறோம். மிருண்மயி அளவு நாடாவையும் பெட்டியில் வைத்துவிட்டாள். உங்கள் பாத்ரூமை இப்போதே கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்.