பால் காய்ச்சும் முன் தண்ணீர் ஊற்றலாமா?

24.5.1994, செவ்வாய், காலை 6.10. தரை ட்ராப்: மூன்று. மூன்றும் காய்ந்துவிட்டன.

நைனார்பாளையம் வேடியப்பன் மாமாவுக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து காசிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், புது வீட்டுக் குளியலறை நலமில்லை.

ட்ராப்பில், அதாவது குளியலறைத் தரைத் துளைக்கு அடியில் வைக்கும் கிண்ணத்தில், எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் மாமா. குழாய் நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கடைக்காரர் நீட்டிய ஆழமில்லாத ட்ராப்பை வேண்டாம் என்று சண்டை போட்டு, ஆழமானதாகப் பார்த்து வாங்கி, மாசியிலேயே நானே நின்று பொருத்தித் தண்ணீரும் ஊற்றினேன். ஆனால் அம்மா, அதான் உங்கள் தங்கச்சி, "பால் காய்ச்சறதுக்கு முன்ன புது வூட்ல ஒரு சொட்டுத் தண்ணி பொழங்கக் கூடாது" என்று வீட்டைப் பூட்டிவிட்டார். மூன்று மாத வெயில். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிவிட்டது. பழைய வீட்டுக் கழிவெல்லாம் அதே குழாயில்தான் போகிறது, நாற்றம் நேராகப் புது வீட்டுக்குள். நேற்று, என் தங்கை அம்சவள்ளியைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருக்கும் களமருதூர்ப் பெரியநாயகியம்மாள் வீட்டைப் பார்க்க வந்து முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "இன்னாங்க, எலி கிலி செத்துக் கெடக்குதா?" அம்சவள்ளி முகம் செத்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, "டிப்ளமா படிச்சி இன்னாடா கிழிச்ச?" என்கிறார். ஒரு சொம்பு தண்ணீர் போதும் என்றால் காதில் வாங்கவில்லை. எண்ணெயாவது ஊற்றுகிறேன் என்றேன். "வெளக்கேத்தாத வூட்ல சாக்கடைக்கு எண்ணெயா?" என்று கரண்டியை ஓங்கினார். நடுவில் ராசு மேஸ்திரி, "மூடிட்டா ஏன் தம்பி நாறப் போவுது?" என்று ஒரு ட்ராப்பைச் சிமெண்ட் வைத்தே அடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். அன்றைக்கே சம்பந்தம் பேச வருகிறார்கள். அண்ணன் நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பார். உடனே புறப்பட்டு வாருங்கள். அத்தைக்கு என் வணக்கம்.

காசிநாதன்

பி.கு. மாலை 5 மணி. நீங்கள் வர வேண்டாம். மேலே எழுதியது எதையும் அம்மாவிடம் சொல்லவும் வேண்டாம். அவர் தீட்டுக் கழிக்கிறேன் என்று ஒரு வாளி கோமியம் கொண்டுவந்து வீடெங்கும் தெளித்து, மிச்சத்தை அடைக்காத இரண்டு ட்ராப்பிலும் ஊற்றிவிட்டார். ட்ராப்புக்கு எதுவானால் என்ன, நிரம்பியது, நாற்றம் நின்றது. பெரியநாயகியம்மாள் திரும்ப வந்து மோந்து பார்த்தார். "கோயிலாட்டம் இருக்குதுங்க! எங்க பாத்ரூம்லயும் ரெண்டு வருசமா நாறிக்கினு கெடக்குது. வியாழக்கெழமயே வந்து உங்க கையால ஊத்துங்க. அது நின்னுச்சின்னா வெள்ளிக்கெழம வெத்தல பாக்கு மாத்திக்கலாம்." அம்மா சரியென்று தலையாட்டிவிட்டார். விசாரித்தேன், அந்த வீட்டில் ட்ராப்பே கிடையாது, வெறும் குழாய். எத்தனை வாளி ஊற்றினாலும் நேராக ஓடிவிடும். ஆகவே:

1. சிமெண்டை இன்றே உடைப்பேன்.
2. நாளை முதல் பஸ்ஸில் புது ட்ராப் ஒன்றோடு களமருதூர் போய், மாப்பிள்ளையை மட்டும் தனியே பிடித்து, அவர் அம்மாவுக்குத் தெரியாமல் பொருத்துவேன்.
3. அதில் தண்ணீர் ஊற்ற மாட்டேன். வியாழக்கிழமை அம்மா தன் கையால் கோமியம் ஊற்றட்டும்.