மாப்பிள்ளையின் மூச்சு

"உங்க வாயில நெயில் பாலிஷ் வாசனை வருது. யாரோட நகம்?" என்று கேட்டாள் மனைவி, காலை ஆறு மணிக்கு.

பஸ் ஓட்டுநரான கணவர் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தார். இரண்டு வாரமாக, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு; அதுவும் காயும் முட்டையும். மீதி நேரம் தண்ணீர். வீட்டில், "தொப்பையைக் குறைக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பல் தேய்த்தார். வாசனை போகவில்லை. போகிற வழியில் வாய் கொப்பளிக்கும் மருந்து ஒரு புட்டி வாங்கி, டிப்போ வாசலில் நின்றே கொப்பளித்துத் துப்பிப் பாதியைக் காலி செய்தார். அதில் ஆல்கஹால் கலந்திருக்கும் சங்கதியைப் புட்டியின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தது.

வண்டி எடுக்குமுன் ஊதிக்காட்ட வேண்டிய கருவி, அவர் ஊதியதும் கத்தித் தீர்த்தது.

டிப்போ மேலாளர் அவர் மனைவியின் அண்ணன். வேலை இடத்தில் உறவு பார்க்கமாட்டார். உறவுக்காரர் வீட்டிலும் மேலாளராகவே இருப்பார்.

"காலங்காத்தாலேயேவா மாப்ளே?"

"சத்தியமா இல்ல மச்சான். வாய் கொப்பளிச்சேன், அவ்வளவுதான்."

"எதால?"

ஓட்டுநர் அரை மணி நேரம் கேட்டு வாங்கினார். சும்மா உட்கார்ந்திருக்கலாம். நல்ல காற்று உள்ளே போனால் மூச்சு சுத்தமாகும் என்று தோன்றவே, பஸ் கொட்டகையை இருபது சுற்று ஓடினார். வேர்த்து விறுவிறுத்து, கால் பின்ன வந்து நின்றவரைப் பெற்ற தாய்கூட நம்பியிருக்கமாட்டாள். மறுபடி ஊதினார். கருவி இந்தத் தடவை சன்னமாக, ஆனால் விடாமல் கத்தியது.

மேலாளர் அவரைக் காரில் ஏற்றினார். ரத்தப் பரிசோதனைக்கு, தன் மகள் ஒரு மாதமாக உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் அதே ஆஸ்பத்திரிக்கு.

"அவ பக்கத்துல உக்கார நேரமில்ல எனக்கு. உங்களைக் கூட்டிட்டு அலையறேன்" என்று வழியெல்லாம் புலம்பினார்.

நர்ஸ் முடிவைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ரத்தத்துல ஆல்கஹால் துளிகூட இல்ல சார். இவர் ஒரு வேளைதான் சாப்பிடறார். ஈரல்ல சேத்து வெச்ச சர்க்கரை சுமாரா ஒரு நாளைக்குத்தான் வரும். அப்புறம் உடம்பு கொழுப்பை உடைக்க ஆரம்பிச்சிடும். அந்தக் கொழுப்பு நேரா மூளைக்கு உதவாது. அதனால ஈரல் அதைக் கீட்டோனா மாத்தி அனுப்புது. அதுல கொஞ்சம் மூச்சு வழியா வெளிய போகுது. இந்த நெயில் பாலிஷ் வாசனை அதுதான். உங்க மெஷின் ஏமாந்திருக்கு."

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் இன்ஜின்களோடு பழகியவர்.

"டீசல் தீர்ந்தா, நடுரோட்டுல நிக்காம, தானே வேற எண்ணெய்க்கு மாறிக்குதா?"

"அந்த எண்ணெயையும் தானே காய்ச்சிக்குது சார்."

"அப்படி ஒரு வண்டி என் டிப்போல இல்லம்மா" என்று மாப்பிள்ளையின் வயிற்றை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். "இருந்தாலும், இந்த வயசுல அழகு எதுக்கு மாப்ளே?"

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். நர்ஸ்தான் மேஜையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"நேத்து இவருக்கு எடுத்த ஸ்கேன் இப்பதான் வந்துது, ஈரல்ல இருந்த கொழுப்பு கரைஞ்சிடுச்சு, உங்க பொண்ணுக்குத் தன் ஈரல்ல ஒரு துண்டு வெட்டிக் குடுக்கப் போறவரு இவர்தான் சார்."