கையோடு வந்த நட்சத்திரம்

நட்சத்திரம் கையோடு வந்துவிட்டது.

பிரேக் மாஸ்டர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். எட்டு முனை கொண்ட மர நட்சத்திரம். சற்றுமுன் வரை ஜன்னல் கதவின் நட்டநடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இப்போது அங்கே ஓர் ஓட்டை. அவருடைய வலது கால் தரையை ஓங்கி அமுக்கியது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யாரோ ஓட்டுகிற வண்டிக்குத் தான் பிரேக் போடுகிற பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் எந்த ஆபத்து வந்தாலும் கால் தானாக அமுக்கும். லிஃப்டில் அமுக்கும், பல் டாக்டரிடம் அமுக்கும். "ஒரு பையனைப் பிடிச்சிருக்குப்பா" என்று மகள் சொன்ன அன்று அமுக்கிய அமுக்கில் செருப்பு வார் அறுந்தது.

அந்தப் பையன் வீட்டு ஜன்னலில்தான் இப்போது ஓட்டை.

வீடு என்று சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. அது ஒரு பழைய மாளிகை. கூரை இடிந்து, சுவரில் கொடி ஏறி, வௌவால் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததைச் சம்பந்தியம்மா வாங்கினார். கட்டடக் கலை படித்தவர். ஏழு வருடம் ஒரு பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்து அதை நிமிர்த்தி நிறுத்திவிட்டார். "கல்யாணத் தேதி பேச வாங்க, ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்க" என்று மாஸ்டரையும் மனைவியையும் அழைத்து, மாடியில் இருக்கிற அரபு நாட்டுப் பாணி அறையைத் திறந்துவிட்டார்.

அறையைப் பார்த்து வாயைப் பிளந்த மாஸ்டர் மூட மறந்துவிட்டார். குதிரைலாடம் போல் வளைந்த வாசல்கள். இடுப்பு உயரத்துக்கு நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் ஓடுகள். தரையோடு தரையாக ஒரு நீள மெத்தை, அதன்மேல் எண்ணி மாளாத திண்டுகள். கூரையிலிருந்து தொங்கிய பித்தளை விளக்கில் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடித் துண்டுகள். சுவர் முழுக்கப் பாலைவன ஓவியம்: மணல் மேடு, ஈச்சை மரம், வரிசையாக ஒட்டகங்கள். ஒட்டகத்துக்கு மட்டும் பசுமாட்டு முகம்.

"இதைக் கட்டினவர் கப்பல் வியாபாரி" என்றார் சம்பந்தியம்மா. "அரபு நாட்டுப் பக்கம் காலடி எடுத்து வச்சதே இல்லை. புஸ்தகத்துல இருந்த படத்தைப் பாத்துப் பாத்துக் கனவு கண்டு கட்டினது."

"அடேயப்பா! போகாத ஊருக்கு வழி கேட்டுப் போயிட்டே வந்த மாதிரி இருக்கே!" என்றார் மாஸ்டர். மனதார வந்த பாராட்டு அது. அவர் மனைவி ஒரு திண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணு கொடுத்து வச்சவ" என்று காதோடு சொன்னாள்.

"இந்த ஜன்னலைப் பாருங்க." சம்பந்தியம்மாவின் குரல் இளகியது. "இதுல ஒரு துரும்பு கூட நான் புதுசா சேக்கலை. அந்தக் காலத்து மரம், அந்தக் காலத்து உளி. சாயங்காலம் வெயில் இது வழியா உள்ள வரும் பாருங்க, அறை முழுக்கப் பூப்பூவா விழும். அப்ப நானே வந்து காட்டறேன். உங்களுக்கு முன்னாடி மூணு குடும்பம் இங்க தங்கியிருக்காங்க. ஒரு கீறல் விழணுமே! அப்படிப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டாங்க."

மாஸ்டரின் கால் லேசாகத் தரையை அமுக்கியது.

"இவரைத்தான் நான் இந்த அறைக்குள்ள விடறதில்லை" என்று தன் கணவரைக் காட்டினார் சம்பந்தியம்மா. "எதைத் தொட்டாலும் கழண்டு வந்துடும்."

சம்பந்தி காது மூக்கு தொண்டை டாக்டர். ஊரார் தொண்டையைப் பார்த்துப் பார்த்துத் தன் தொண்டையைத் திறக்க மறந்துபோன வாயில்லாப்பூச்சி. சட்டைப் பையில் எப்போதும் பேனா போல ஒரு குட்டி டார்ச். அவர் அன்று முதல்முறையாக வாயைத் திறந்தது இதற்குத்தான்.

"சம்பந்தி, ஜன்னலைத் திறந்து வையுங்க. நல்ல காத்து."

போகும்போது வாசலில் திரும்பி நின்று, "கூச்சப்படாம நல்லா இழுத்துத் திறங்க" என்றும் சொன்னார். எவ்வளவு தங்கமான மனிதர் என்று மாஸ்டர் உருகிப்போனார்.

"ஏங்க, நான் குளிச்சுட்டு வரேன். எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மனைவி குளியலறைக்குள் போனாள். உள்ளே இன்னும் நீல ஓடுகள் இருந்திருக்க வேண்டும், "ஐயோ, எவ்வளவு அழகு!" என்ற சத்தமும், தொடர்ந்து பாட்டும் வந்தன.

சம்பந்தி சொன்ன வார்த்தையைத் தட்டலாமா? மாஸ்டர் ஜன்னலை இழுத்தார். நட்சத்திரம் கையோடு வந்துவிட்டது.

இதுதான் நடந்தது. இனிமேல் நடந்ததெல்லாம் அவராகத் தேடிக்கொண்டது.

'பதறாதே. நியூட்ரல்ல போடு' என்று மாணவர்களிடம் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். ஒட்டிவிட்டால் போச்சு. பசைக்கு எங்கே போவது? பையைக் குடைந்தார். பற்பசை கிடைத்தது. பெயரிலேயே பசை இருக்கிறதே என்று நட்சத்திரத்தின் பின்புறம் ஒட்டியிருந்த ஏதோ துணித்துண்டை உரித்துப் போட்டுவிட்டுத் தாராளமாகப் பூசி, ஓட்டையில் வைத்து அழுத்தினார். நாலு பக்கமும் வெள்ளை வெளேரென்று பிதுங்கி வழிந்தது. நட்சத்திரம் ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் நின்றுவிட்டு, தொப்பென்று மறுபடி அவர் கைக்கே வந்தது.

துண்டை நனைத்துத் துடைத்தார். பற்பசை போனது. கூடவே அந்தக் காலத்து மெருகும் போனது. ஓட்டையைச் சுற்றி மரம் வெளிறி, சொட்டை விழுந்த தலைபோல் தெரிந்தது.

"ஏங்க, என்ன சத்தம்?" என்று குளியலறையிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல. ஜன்னலை ரசிச்சுக்கிட்டிருக்கேன்!"

வெளிறின இடத்துக்கு நிறம் வேண்டும். பையில் அடுத்து அகப்பட்டது ஷூ பாலிஷ். தெய்வமே கொடுத்தது என்று விரலால் எடுத்துத் தேய்த்தார். மரம் பழுப்பு, பாலிஷ் கன்னங்கரேல். இப்போது யாரோ கொள்ளிக்கட்டையால் சுட்டதுபோல் ஆகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்குகூடக் கொஞ்சம் லட்சணமாக இருந்திருக்கும்.

நேரமோ நிற்கவில்லை. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா வந்து நிற்பார். ஏழு வருடம் காப்பாற்றியதை ஒரே மதியத்தில் சுட்டுக் கரியாக்கின குடும்பத்தில் பெண் எடுப்பாரா? மகளின் முகம் கண்ணில் வந்து நின்றதும் அவருக்கு அழுகையே முட்டியது.

எதிர்ச் சுவரில் ஒரு கம்பளம் தொங்கிக்கொண்டிருந்தது. முக்காலி போட்டு ஏறினார். கம்பளத்தைக் கழற்றினார். திரைச்சீலையின் குஞ்சம் வைத்த கயிற்றால் அதை ஜன்னலுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். ஓட்டை மறைந்தது. கரி மறைந்தது. வெளிச்சமும் மறைந்தது.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள். இருட்டில் இரண்டடி எடுத்து வைத்தாள்.

"ஏங்க... ஜன்னல் எங்க?"

மாஸ்டர் நட்சத்திரத்தை அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள், அவருடைய கறுத்த விரலைப் பார்த்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாம ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள கல்யாணம் வேண்டாம்னு பொண்ணுக்குப் போன் வந்துடும், பாத்துக்கிட்டே இருங்க!"

கதவு தட்டப்பட்டது.

"வரலாமா? வெயில் சரியான இடத்துக்கு வந்துடுச்சு!" என்று சம்பந்தியம்மா உற்சாகமாக உள்ளே வந்தார். பின்னால் டாக்டர் சம்பந்தி. "என்ன இவ்வளவு இருட்டு?"

"இவருக்குத் தலைவலி, வெளிச்சம் ஆகலை" என்று மனைவி முந்திக்கொண்டாள். முப்பது வருடத் தாம்பத்தியம் சும்மாவா?

"தலைவலின்னா காத்து வேணும்" என்றார் டாக்டர். "ஜன்னலைத் திறங்க."

மாஸ்டரின் கால் தரையை அமுக்கியது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அமுக்கியது. இப்போது பொய் சொல்லித் தேதி குறித்துவிடலாம். நாளைக்கு இந்தக் கம்பளம் இறங்காதா? அப்புறம் இந்த வீட்டில் வாழப்போகிறவள் அவர் மகள் அல்லவா? ஒவ்வொரு நாளும் இந்த அம்மாவின் முகத்தில் விழிக்கப்போகிறவள் அவள்.

காலை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க ஜன்னலை நான் உடைச்சுட்டேன். உடைச்சதோட விடாம பற்பசை தடவினேன், பாலிஷ் போட்டேன். எம்மேல எவ்வளவு வேணும்னாலும் கோவிச்சுக்குங்க. என் பொண்ணு தங்கம். அவளுக்கு ஜன்னலைத் திறந்தா மூடத் தெரியும்."

குஞ்சக் கயிற்றை இழுத்தார். கம்பளம் பொத்தென்று விழுந்தது.

சம்பந்தியம்மா ஜன்னலிடம் ஓடினார். கறுத்துப்போன மரத்தைத் தொட்டார். விரலில் பாலிஷ் ஒட்டியது. "ஏழு வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா, கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்களேன்" என்றாள் மாஸ்டரின் மனைவி மெல்ல.

அறை முழுக்க வெயில் பூப்பூவாக விழுந்திருந்தது. தரையில், திண்டுகளில், பித்தளை விளக்கில். ஆனால் அவள் காட்டியது அதை இல்லை. எதிர்ச் சுவரில், கம்பளம் தொங்கியிருந்த இடத்தில், மணல் மேட்டுக்கு மேலே வெறும் கருநீல வானம் தீட்டியிருந்தது. அந்த வானத்தின் நடுவில், ஓட்டை வழியாக வந்த வெயில் எட்டு முனையோடு தகதகவென்று நின்றது. பசுமாட்டு முகத்து ஒட்டகங்கள் அத்தனையும் தலையைத் தூக்கி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"அட கடவுளே!" சம்பந்தியம்மா அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த இடம் மட்டும் ஏன் மொட்டையா கிடக்குன்னு தெரியாம கம்பளம் போட்டு மூடி வச்சேனே! ஒட்டகம் எல்லாம் எதைப் பாக்குதுன்னு யோசிக்காம போனேனே! இது கழட்டி மாட்டற நட்சத்திரம்! பகல்ல இங்க, சாயங்காலம் அங்க!"

நாலு பேரும் பார்த்தார்கள். வெயில் இறங்க இறங்க, நட்சத்திரம் வானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அந்தக் கப்பல் வியாபாரி எங்கேயும் போகாமல் கண்ட கனவை நினைத்து மாஸ்டருக்கு மெய்சிலிர்த்தது.

"ஏழு வருஷமா எனக்குப் புரியாததை ஒரே மதியத்துல கண்டுபிடிச்சுட்டீங்களே சம்பந்தி!" சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாலிஷ் கிடக்கட்டும், நான் துடைச்சு எடுத்துடறேன். இதையே இவர் செஞ்சிருந்தா இந்நேரம் வீட்டை விட்டே துரத்தியிருப்பேன். வாங்க, முதல்ல தேதியைக் குறிப்போம்!"

டாக்டர் கூரையில் தொங்கும் விளக்கை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் இருவரும் பேசிக்கொண்டே கீழே இறங்கினார்கள். மாடிப்படி வளைவில் டாக்டர் மாஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தினார். கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

"என்னங்க இது? தப்பு பண்ணின என்னைப் போய்..." என்று மாஸ்டர் நெளிந்தார்.

டாக்டர் பையிலிருந்த குட்டி டார்ச்சைத் தொட்டுக் காட்டிக் கிசுகிசுத்தார்.

"அந்த நட்சத்திரத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாக்கப் போய், நாலு மாசத்துக்கு முன்னாடியே நான் பேத்து எடுத்துட்டேன் சம்பந்தி. பிளாஸ்திரி போட்டு ஒட்டிட்டு, பழியை ஏத்துக்க ஆள் வேணுமேன்னு மூணு குடும்பத்தைக் கூப்பிட்டுத் தங்க வச்சேன். படுபாவிங்க, ஒருத்தராவது அந்த ஜன்னலைத் தொடணுமே!"