ஆ-தெங் போட்ட மூன்று பூட்டு

தாய் வயிற்றில் பிறந்த எவனும் தன் பந்தயக் கணக்குக்குள் நுழைய முடியாதபடி செய்துவிடுவது என்று லியாவ் தெங்-ஃபா ஒரு நாள் காலையில் தீர்மானம் செய்தார். அப்போது அவர் கையில் சோயாப் பால் கரண்டி இருந்தது.

சியாயி ஊரில், பேஸ்பால் மைதானத்துக்குப் போகிற சாலையில், அவரும் மனைவி சூ-சென்னும் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார்கள். முட்டை ரொட்டி சுடுகிற கல்லும் சூ-சென்னிடம், காசு போடுகிற கல்லாவும் சூ-சென்னிடம். ஆ-தெங்குக்கு (ஊரில் யாரும் அவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை) சோயாப் பால் அண்டா. அதைக் கிண்டிக்கொண்டே ஒரு கையால் செல்போனில் பேஸ்பால் மேல் பந்தயம் கட்டுவார். அரசாங்கம் அனுமதித்த பந்தயம்தான். அதனால் சூ-சென் அதைத் தடுக்கவில்லை. எவ்வளவு தேறியது என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள்.

"டீச் செலவுக்குக்கூடக் காணாது" என்பார் ஆ-தெங்.

உண்மை வேறு. அந்த வருஷம் அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. டோக்கியோவுக்குப் பறந்து போய், கூரை போட்ட பெரிய மைதானத்தில் உட்கார்ந்து, பீரும் கையுமாக நாலு ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும் அளவுக்குப் பணம் கணக்கில் சேர்ந்திருந்தது. பக்கத்து இரும்புக்கடை ஹுங்கும் கூட வருவதாக ஏற்பாடு. மனைவிமாரிடம் சொல்வதற்கு ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்க மாநாடு என்று பேசி வைத்திருந்தார்கள்.

அந்த ஹுங்கின் கணக்கைத்தான் எவனோ துடைத்துவிட்டான். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று ஒரு செய்தி. ஹுங் அதைத் தொட்டார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டது, அதையும் கொடுத்தார். பணம் போன பிறகு பதறிப்போய், செய்தி வந்த அதே எண்ணுக்குப் போன் போட்டு, என் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று புகார் செய்தார். மறுமுனையில் இருந்தவன் மிகவும் வருத்தப்பட்டான். விசாரணைக்குத் தேவை என்று சொல்லி அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் வாங்கிக்கொண்டான்.

இந்தக் கதையைக் கேட்ட நிமிஷத்தில்தான் ஆ-தெங் கரண்டியும் கையுமாகத் தீர்மானம் செய்தது.

நல்ல வேளையாக, அந்த வாரமே கோயில் முற்றத்தில் போலீஸ்காரர் ஒருவர் இணையத் திருட்டைப் பற்றிப் பேச வந்தார். வருகிறவர்களுக்குப் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு புட்டி இலவசம். ஆ-தெங் பேச்சுக்காகப் போனார், சூ-சென் புட்டிக்காக வந்தாள். போலீஸ்காரர் சின்ன வயசுக்காரர். கணக்கில் பாதுகாப்புக் கேள்விகள் வைக்கும்போது உண்மையான பதிலைப் போடாதீர்கள், பிடித்த சாப்பாடு முதல் பிறந்த ஊர் வரைக்கும் நீங்களே ஊருக்கெல்லாம் படம் போட்டுச் சொல்லிவிடுகிறீர்கள், அதனால் பொய்யான பதிலாகப் போடுங்கள், எங்கேயும் எழுதியும் வைக்காதீர்கள் என்றார். ஆ-தெங்குக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல் என்று அரசாங்கமே அவரிடம் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானமே வேலையை முடித்தார். புதுக் கடவுச்சொல். அதைக் கடவுளிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலைத் தாண்டும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தார். அதற்கு மேல் மூன்று கேள்விகள், மூன்று பொய்கள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இனி எமனே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

பத்து நாள் கழித்து, நல்ல கூட்ட நேரத்தில், போன் சோயாப் பால் அண்டாவுக்குள் விழுந்தது.

சூ-சென் எட்டிப் பார்த்தாள். "ஒரு அண்டா பால் போச்சே" என்றாள். போனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆ-தெங் கரண்டியால் அதை அள்ளி எடுத்துத் துடைத்தார், ஊதினார், அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தார். பயனில்லை. நம் ஊரில் செத்த பிறகுதான் பால் ஊற்றுவார்கள். இதற்குப் பால் ஊற்றித்தான் உயிர் போயிற்று.

புதுப் போன் வாங்கி, பழைய எண்ணையே போட்டு, கணக்கைத் திறக்கப் போனார். கடவுச்சொல் ஞாபகம் இருந்தது. ரகசிய எண்ணும் வந்தது. பிறகு மூன்று கேள்விகளும் வரிசையாக வந்து நின்றன. பழக்க தோஷம், முதலில் மூன்றுக்கும் உண்மையைத் தட்டிவிட்டார். தவறு என்றது. சுதாரித்துக்கொண்டு மூன்றுக்கும் பொய்யைத் தட்டினார். அதுவும் தவறு என்றது. அவை அன்றைக்குச் சொன்ன பொய்கள் அல்ல, இப்போது தோன்றிய பொய்கள். உண்மை ஒன்றுதான், அது எங்கேயும் போய்விடாது. பொய்க்கு அளவு ஏது? அன்றைக்குச் சொன்னது எந்தப் பொய்?

இன்னும் ஒரு முறைதான் முயலலாம், தவறினால் கணக்குப் பூட்டப்படும், பிறகு தலைநகர் தாய்பேயில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும் என்று போன் எச்சரித்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். அங்கிருந்த பெண் இனிமையாகப் பேசி, பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்கள் எல்லாம் கேட்டாள். ஆ-தெங்குக்குப் பகீர் என்றது. ஹுங்கிடம் பேசியவனும் இப்படித்தான் இனிமையாகக் கேட்டானாம். முதலில் நீ யார் என்று நிரூபி என்றார். அவள், அவர் யார் என்று தெரியாமல் தன்னைப் பற்றிச் சொல்ல விதி இல்லை என்றாள். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகம். பிறகு அவர் வைத்துவிட்டார். மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிட்டு அந்தப் பெண் மேல் புகார் சொன்னார். அவர்கள் விசாரித்து, அது சரியான அலுவலகம்தான் என்றார்கள். உங்கள் பெயர் என்ன என்றும் கேட்டார்கள். ஆ-தெங் அந்தப் போனையும் வைத்துவிட்டார்.

உண்மையானவன் எவன், திருடன் எவன், தான் எவன் என்பதே குழம்பிப்போய், அவர் கடைசியில் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கடையில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு ஆளு இருக்கான்னு வெச்சுக்கோ" என்று ஆரம்பித்தார். "அவனுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு என்னன்னு கேக்கறாங்க. அவன் பொய் சொல்லணும். என்ன சொல்லுவான்?"

சூ-சென் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "கணக்கு திறக்கலியா?"

"இல்லை."

"எத்தனை கேள்வி?"

"மூணு. இன்னும் ஒரு வாட்டிதான் விடும்."

"சாப்பாட்டுக்குப் பாகற்காய்னு போட்டிருப்பீங்க."

"எப்படிச் சொல்றே?"

"உங்களுக்குப் பிடிச்சது வான்கோழிச் சோறு. பொய்யாச் சொல்லுன்னா நேரா பிடிக்காததுக்குத்தான் போவீங்க. நடுவுல நிக்கற அளவுக்கு உங்களுக்குக் கற்பனை கிடையாது. இருபத்துநாலு வருஷமா பாகற்காயைத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

ஆ-தெங்குக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. பாகற்காயேதான். அவர் மரியாதையோடு அதைத் தட்டினார். அடுத்தது பிறந்த ஊர்.

"டோக்கியோ" என்றாள் சூ-சென்.

"டோக்கியோவா? எனக்கும் டோக்கியோவுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். ரெண்டு மாசமா தூக்கத்துல ஜப்பான் பாஷையில பீர் கேக்கறீங்க. கூட்டுறவுச் சங்க மாநாட்டுல பீர் குடுப்பாங்களா என்ன?"

மாநாட்டு விஷயத்தை அவர் வீட்டில் இன்னும் வாய் திறந்து சொல்லவே இல்லை. இரும்புக்கடை ஹுங் தன் மனைவியிடம் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆ-தெங் தலையைக் குனிந்துகொண்டு டோக்கியோ என்று தட்டினார். அதுவும் சரி என்றுதான் மனசு சொல்லிற்று.

மூன்றாவது கேள்வியைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டார்.

"இது வேண்டாம். இதை நானே பாத்துக்கறேன்."

"விரலை எடுங்க."

"பெரிசா ஒண்ணும் இல்லை."

"ரொட்டி கருகுது. விரலை எடுங்க."

விரலை எடுத்தார். உங்கள் முதல் காதலரின் பெயர் என்ன என்று கேட்டிருந்தது.

இது முதலுக்கே மோசமாகிவிடும் போலிருக்கிறதே என்று ஆ-தெங்குக்கு வியர்த்தது. யோசித்து யோசித்துப் பார்த்தார். அன்று மத்தியானம் இந்த இடத்தில் என்ன பெயரைப் போட்டோம் என்று சத்தியமாக ஞாபகம் வரவில்லை. முதல் தடவை உண்மையைத் தட்டியபோது போட்ட பெயர் மட்டும் ஞாபகம் இருந்தது. அதை உயிரே போனாலும் சொல்வதாக இல்லை.

"யா-ஹுய் இல்லை" என்றாள் சூ-சென்.

ஆ-தெங்கின் கரண்டி கீழே விழுந்தது.

"மைதான வாசல்ல சாசேஜ் வித்தாளே, அந்த யா-ஹுய். அது உண்மை. போலீஸ்காரர் உண்மையைப் போடாதீங்கன்னுதானே சொன்னார்?"

"ஆமாம்."

"அப்ப என் பேரைத்தான் போட்டிருப்பீங்க."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சூ-சென் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, தன் பெயரைத் தானே நிதானமாகத் தட்டினாள்.

கணக்கு திறந்தது.

இருந்த தொகை திரையில் பளபளவென்று வந்து நின்றது. சூ-சென் அடுப்பை அணைத்தாள். ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவள் அடுப்பை அணைத்து அந்தச் சாலையில் யாரும் பார்த்ததில்லை. தொகையை வலது பக்கத்திலிருந்து ஒன்று, பத்து, நூறு என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனாள். விரல் போய்க்கொண்டே இருந்தது.

"டீச் செலவுக்குக் காணாதுன்னு சொன்னது இதுவா?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போலீஸ்காரர்..."

"நல்ல போலீஸ்காரர்" என்றாள் சூ-சென். கோபமே இல்லை. அதுதான் ஆ-தெங்குக்குக் கலக்கமாக இருந்தது. "ஆனா இவ்வளவையும் இங்கேயே போட்டு வெச்சா திருடன் வர மாட்டானா? ஹுங் அண்ணனைப் பாத்தும் புத்தி வரலியே உங்களுக்கு."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு தட்டில் பணம் முழுவதும் குடும்ப வங்கிக் கணக்குக்குப் போயிற்று. அதன் பாஸ்புக்கும், பணம் எடுக்கக் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற முத்திரையும் அவளுடைய அலமாரியில் இருந்தன. ஒரு ஆட்டத்துக்குக் கட்டும் அளவு மட்டும் மிச்சம் வைத்தாள். திருடன் வந்தால் பாவம், பஸ்ஸுக்காவது ஆகட்டும் என்றாள். மூன்று கேள்விகளில் ஒன்றை மட்டும் வைத்து, அதற்குத் தன் பதிலைப் போட்டுவிட்டாள். உங்கள் பதிலை எனக்கே கண்டுபிடிக்க முடிகிறது என்றால் திருடனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். ஆ-தெங் நன்றிகூடச் சொன்னார்.

மறு வாரம் கடைக்கு ஏ.சி. வந்தது. ஹுங் தினமும் மத்தியானம் வந்து அதன் கீழே உட்கார்ந்துகொண்டு, மாநாடு எப்போது என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை சூ-சென் தைச்சுங்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் நல்ல ஆட்டம் ஒன்று இருந்தது. ஆ-தெங் மிச்சம் இருந்ததைக் கட்டிவிடலாம் என்று கணக்கைத் திறந்தார். கடவுச்சொல் சரி. ரகசிய எண் சரி. பிறகு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. உங்கள் முதல் காதலரின் பெயர் என்ன?

சிரித்துக்கொண்டே தன் பெயரைத் தட்டினார்.

தவறு என்றது.

ஒருவேளை எழுத்துப் பிழையோ என்று பார்த்தார். பிழை இல்லை. தங்கை வீட்டுக்குப் போன் போட்டார். ரயில் வசதியாக இருந்ததா, தங்கை பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் கேள்விக்கு நீ உண்மையைப் போட்டியா, பொய்யைப் போட்டியா?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் பாதுகாப்பு என்னங்க இருக்கு?" என்றாள் சூ-சென். பின்னால் தங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆ-தெங் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து யோசித்தார். போட்டது பொய் என்றால் உண்மை நானாக இருக்கலாம். அப்படியானால் சந்தோஷம். போட்டது உண்மை என்றால் நான் இல்லை. நான் இல்லை என்றால் அவன் யார்? அவனும் இந்த ஊர்தானா? நம் கடையில் சோயாப் பால் குடிக்கிறானா? கொஞ்ச நேரம் கழித்து, மனசே இல்லாமல், ஹுங்கின் பெயரைத் தட்டினார். தவறு என்றது. அந்த வருஷம் அவர் ஜெயித்த எந்தப் பந்தயத்திலும் அவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

இன்னும் ஒரு முறை பாக்கி இருந்தது. தினமும் முட்டை ரொட்டியில் வெங்காயத்தாள் கூடுதலாகக் கேட்டு வாங்குகிற தபால்காரர் ஒருவரின் பெயர் அவர் மனதில் வந்து நின்றது. விரலைக் கொண்டுபோனார். பிறகு போனை அணைத்து மேஜைக்குள் வைத்துவிட்டார்.

ஒருவேளை திறந்துவிட்டால்?