டெரெக் நகர்த்திய பட்டன்

தான் படித்தது மலை, அடுத்தவர் படித்தது மடு என்று சாதிக்கும் ஒரு மனித இனம் உண்டு. எல்லாத் தொழிலிலும் இருக்கிறது; ஆனால் கொழுத்து வளர்வது மென்பொருள் அலுவலகத்தில்தான். நியூசிலாந்தின் வெலிங்டனில் எங்கள் அலுவலகத்துக்கு வாய்த்தவர் பெயர் டெரெக் ஹாலரன்.

டெரெக் பேக்-எண்ட் ஆசாமி. அதாவது, திரைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஓடும் நிரல்களை ஜாவாவில் எழுதுபவர். திரையில் தெரிகிற படம், எழுத்து, பட்டன் எல்லாம் ஃப்ரண்ட்-எண்ட். அது மெலே தௌஃபாவின் இலாகா. காலை பத்தரை மணிக்குக் காப்பிக் கோப்பையுடன் சன்னலோரம் வந்து நின்று, வெளியே காற்று குடைகளை முறிப்பதைப் பார்த்தபடி, புதிதாக வந்தவர், போனவர், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் உட்பட அனைவருக்கும் டெரெக் ஒரே பாடத்தை நடத்துவார்.

"ஜாவா பிடிபட எனக்கு மூணு வருஷம் ஆச்சு. ஃப்ரண்ட்-எண்டா? ஒரு மத்தியானம் போதும். கலர் அடிக்கிறதுக்கு என்ன படிப்பு?"

"அடிச்சுத்தான் பாருங்களேன், வாத்தியாரே!" என்பாள் மெலே.

விதி கேட்டுக்கொண்டிருந்தது. தங்கையின் கல்யாணத்துக்காக மெலே டோங்காவுக்குப் போன வாரத்தில் ஒரு சின்ன வேலை வந்தது. பக்கத்துத் தீவுக்குப் படகு விடும் கேப்டன் ஹேமியின் இணையதளத்தில், டிக்கெட் பதிவு செய்யும் பட்டனைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். "காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சுடறேன்" என்றார் டெரெக். முடித்தும் விட்டார்.

மறுநாள் காலை ஹேமியின் தொலைபேசி.

"யோவ், பட்டன் எங்கய்யா?"

"மேலதான் இருக்கு. என் போன்ல நல்லாத் தெரியுதே?"

"உன் போனையா ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கே? இன்னிக்கு என் படகுல மூணு பேரும் ஒரு நாயும்தான் வந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவங்க அங்க தீவுக் கரையிலேயே நிக்கறாங்க!"

டெரெக் தேடிப் பார்த்தார். பழைய போன்களில் பட்டன் கேப்டனின் புகைப்படத்துக்கு அடியில் போய்ப் படுத்திருந்தது. அதை எழுப்பினார், புறப்படும் நேரம் காணாமல் போனது. நேரத்தை மீட்டார், கேப்டனின் மூக்கு திரை முழுக்க வீங்கியது. அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய எட்டு போன்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒன்றைத் தட்டினால் இன்னொன்று நொண்ட, இரண்டு நாள் சாப்பாட்டை மறந்து மல்லாடினார். தீவுக்காரர்களுக்கு ஹேமியே ஒவ்வொருவராகப் போன் செய்து இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் டெரெக் மானத்தை விட்டு டோங்காவுக்கு அழைத்தார். பின்னால் கல்யாணப் பாட்டும் சிரிப்பும்.

"மெலே... கோவிச்சுக்காதே. அந்தப் பட்டன்..."

அவள் தன் போனில் நிரலைப் பார்த்துவிட்டு, சேர்க்க வேண்டிய ஒரு வரியைச் சொன்னாள். அதைச் சேர்த்ததும் எட்டு போனிலும் எல்லாம் சரியாகிவிட்டது.

"ஒரே ஒரு வரியா?" என்றார் டெரெக்.

"ஒரு வரிதான். அது எந்த வரின்னு தெரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, சன்னலோரம் அதே குரல்.

"உலகத்துலயே கஷ்டமானது ஃப்ரண்ட்-எண்ட்தான். நான் பட்டுத் தெரிஞ்சவன், சொல்றேன். பேக்-எண்டா? ஜாவாவை ஒரு மத்தியானத்துல முடிச்சுடலாம்!"

ஊரிலிருந்து திரும்பியிருந்த மெலே சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டாள்.

"அவ்வளவு சுலபமா? அப்ப நாளைக்கு ஹேமியோட தளத்துலயே உங்க வேலை ஒண்ண என்கிட்ட கொடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுத் தர்றேன்."

ஹேமிக்கு யார் எச்சரிக்கை சொல்வது என்று நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டோம்.

நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். ஆனாலும் ஒரு சந்தேகம்: இதைப் படிக்கும்போது நடுவில் எங்காவது, "இதென்ன பெரிய எழுத்து? உட்கார்ந்தால் அரை மணியில் நானே எழுதிவிடுவேன்" என்று உங்களுக்குத் தோன்றியதா?