மூணு மாசப் படுக்கை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மதுரையில், ஒச்சப்பன் தன் முதுகுக்கு ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவெடுத்தார். டாக்டர் அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்காலேயே பேசினார். "கால் மரத்துப்போகலை. பலம் குறையலை. ஆபரேஷன் இப்ப அவசியமே இல்லை. ஆறு வாரம் பிசியோதெரபி. தினம் பயிற்சி பண்ணணும். அப்படியும் கேக்கலைன்னா யோசிப்போம்."

போடி ரயிலில் ஏறும்போது இது முழுசாகத்தான் இருந்தது. உசிலம்பட்டியில் 'அவசியமே இல்லை' இறங்கிக்கொண்டது. ஆண்டிபட்டியில் 'ஆறு வாரம்' இறங்கியது. தேனியில் 'பிசியோதெரபி' மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டது. போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தது ஒச்சப்பனும் ஆபரேஷனும் மட்டும்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷ வலி. ஏலக்காய்க் கடையில் மூட்டையைக் குனிந்து பார்த்தால் நிமிர்த்திவிட இரண்டு ஆள் வேண்டும். இந்த லட்சணத்தில் தினமும் பயிற்சியாம். அதே நேரம், பக்கத்துக் கடை கன்னையன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாசம் படுத்திருந்ததை ஒச்சப்பன் கண்ணால் பார்த்திருக்கிறார். பாதி பஜாரே கட்டிலைச் சுற்றி நின்றது. கட்டிலுக்கு அடியில் ஆப்பிள். கன்னையன் தலையணையில் சாய்ந்து, "ஏதோ இருக்கேம்ப்பா…" என்று காற்றுப்போன குரலில் சொல்வார். சொல்லிவிட்டு ஆட்டுக்கால் சூப்பை உறிஞ்சுவார். குடலுக்கே ஒரு மாசம் என்றால் முதுகுக்கு மூணு மாசமாவது கிடைக்காதா?

வீட்டில் செல்லக்கிளி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கத்தி வச்சே ஆகணும்ட்டாரு."

"பயிற்சி கியிற்சி?"

"அதெல்லாம் சின்னப் பயக வலிக்கு."

ஒச்சப்பன் மனைவியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரையாவது எதிர்பார்த்தார். செல்லக்கிளி கடைசி வெண்டைக்காயையும் நறுக்கி முடித்தாள்.

"சரி. பண்ணீருவோம்."

புதன்கிழமை பின்னறை காலியானது. கட்டில் வந்தது. ஒச்சப்பன் ஓரமாக உட்கார்ந்து அழுத்திப் பார்த்தார். சுகமாகத்தான் இருந்தது.

"சூப்புக்குக் கறிக்கடையில சொல்லி வச்சிறணும்," என்றார்.

"சூப்பா? அசையாமக் கெடக்குற ஒடம்புல அது எங்கிட்டுப் போயிச் செமிக்கும்? கஞ்சிதான். உப்பில்லாம."

"பாக்க வர்றவுக என்ன நெனைப்பாக?"

"ஆரு வரப்போறாக? கிருமி ஒட்டும்னு எல்லாருக்கும் போனப் போட்டுச் சொல்லிட்டேன்."

ஒச்சப்பனுக்கு ஆப்பிள்கள் ஒவ்வொன்றாக உருண்டு வெளியே போவது தெரிந்தது. போகட்டும். படுக்கை மிச்சம் இருக்கிறது.

"கடையப் பத்தியும் கவலப்படாதீக. எங்கண்ணன் வந்து பாத்துக்கிறேன்னுட்டாரு."

செல்லக்கிளியின் அண்ணன் மொக்கச்சாமி. ராசிங்காபுரத்தில் சொந்தக் காட்டில் வெங்காயம், கடலை போடுகிறவர். முந்தின வருஷம், ஒச்சப்பன் ஒரு கல்யாணத்துக்குப் போன அரை நாள் மட்டும் கடையைப் பார்த்துக்கொண்டார். ஏலக்காய்க்கு விலையே அதன் பச்சை நிறத்துக்குத்தான். வெயில் கண்டால் வெளுத்துவிடும். மொக்கச்சாமி ஆயுசு பூராவும் எதையாவது காயப்போட்டே வாழ்ந்தவர். இருட்டில் மூன்று மூட்டை ஏலக்காய் சும்மா கிடப்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மொட்டை மாடியில் கொட்டிப் பரப்பிவிட்டார். சாயங்காலம் வந்த ஒச்சப்பனிடம் வைக்கோல் நிறத்தில் ஒரு கை அள்ளி நீட்டி, தொண்டை கிழியச் சொன்னார்: "எப்பிடிக் காய வச்சிருக்கேன் பாத்தீகளா மாப்ளே! சலசலங்குது!"

அன்று ராத்திரி கட்டில் குத்தியது. வியாழக்கிழமை விடிந்ததும் ஒச்சப்பன் அடுப்படிக்கு வந்தார்.

"ஏத்தா, ஒங்கண்ணனுக்குக் காட்டுல சோலி கெடக்குமே?"

"கெடந்தா என்ன? ஒங்களவிட வெங்காயமா பெருசு?"

"மூணு மாசம் தாங்குவாரா?"

"ஆறு மாசமானாலும் சரிங்கிறாரு. வந்தவொடனே சோலி தொடங்கணுமாம். மொட்ட மாடியக் கழுவி விடச் சொல்லியிருக்காரு."

ஒச்சப்பன் அண்ணாந்து மொட்டை மாடிப் பக்கம் பார்த்தார்.

"ஆமா… இந்தப் பயிற்சின்னு ஒண்ணு இருக்காம்ல?"

"அது சின்னப் பயக வலிக்குன்னீகளே."

"பெரியவுக செஞ்சா வேணாம்னா சொல்லப் போறாக?"

"டாக்டரே கத்தின்னுட்டாரு. மீறலாமா?"

"டாக்டரு அம்புட்டு முடிவாச் சொல்லல."

"பெறகு?"

"ரயில்ல வரையில கொஞ்சம் மறந்துபோச்சு."

"கட்டில் வேற வந்திருச்சே."

"அதுல நீ படுத்துக்க தாயி!"

செல்லக்கிளி லேசில் இறங்கவில்லை. ஆறு வாரம் ஒரு நாள் தவறாமல் போவதாக ஒச்சப்பன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான், "என்னமோ, ஒங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள்.

அன்று மாலையே போனார். பிசியோதெரபி பார்க்கிற ஜாக்குலின், டிரில் வாத்தியார் குரலில், "வாங்கண்ணே! மூணாவது பாயி ஒங்களுக்கு. வெரசாப் படுங்க!" என்றாள்.

"நான் இன்னும் பேரே சொல்லலயே?"

"செவ்வாக்கெழமையே அக்கா டாக்டர் சீட்டப் படம் எடுத்து அனுப்பிட்டாகளே. வியாழக்கெழமை நீங்களா வந்துருவீகன்னாக."

ஒச்சப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அது செவ்வாய்க்கிழமை டாக்டர் சீட்டை வைத்திருந்த சட்டை இல்லை. மூணாவது பாயில் படுத்தார். அடுத்த பாயில் ஒருத்தர் மல்லாந்து கிடந்து, 'ம்ம்ம்' என்று இடுப்பைக் கூரைப் பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தார். பத்து எண்ணி முடித்து இடுப்பு கீழே இறங்கியதும் முகம் தெரிந்தது.

மொக்கச்சாமி.

"மச்சான்! நீங்க என் கடையப் பாக்க வர்றதா இருந்துச்சுல்ல?"

"கடையா? எனக்கு ஆரும் சொல்லலயே. மூணு வாரமா நான் இங்கனதான கெடக்கேன். நானும் ஆபரேஷன்தான் பண்ணுவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன் மாப்ளே. தங்கச்சிதான் மனச மாத்திப்புட்டா."

"எப்பிடி?"

மொக்கச்சாமி மரியாதை தெரிந்த மனிதர். சொல்வதா வேண்டாமா என்று இன்னொரு தடவை இடுப்பைத் தூக்கி, பத்து எண்ணி இறக்கினார்.

"நான் படுத்துட்டா, எங்காட்ட மூணு மாசம் நீங்க பாத்துக்குவீகன்னு சொன்னா மாப்ளே."